அடிக்கு ரெண்டு நூல்

என் செட்டுக்காரர்களே, சட்டைப் பையில் மாத்திரை அட்டை இல்லாமல் வாசல்படி தாண்டாதவர்களே, உங்களுக்குப் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் பையில் மாத்திரை அட்டைக்குத் துணையாக ஒரு சின்ன இஞ்ச் டேப்பும் இருக்கும். போன வருஷம் சமையலறையில் அலமாரி அடிக்க ஓர் ஆசாரி வந்தார். அவர் தன் டேப்பை நீட்டிச் சுவரை அளந்தார். நான் என் டேப்பை நீட்டி அவருடைய டேப்பை அளந்தேன். இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்களே அடிச்சுக்குங்க சாமி" என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். மிளகாய்ப்பொடி டப்பாக்கள் இன்றைக்கும் ஜன்னல் ஓரத்தில்தான் நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவி என்னையும் ஒரு பார்வை பார்ப்பாள்.

ரத்த அழுத்தம் பார்த்த டாக்டரிடம், இந்த மிஷினை வேறொரு மிஷின் வைத்துச் சரிபார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறேன். அவர் பொறுமையாக மறுபடி பார்த்தார். கேட்ட பதற்றத்தில் அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது.

எல்லாம் ஒரு வயலினால் வந்த வினை. எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்குப் பதினைந்து.

நாங்கள் கணபதி என்கிற ஊரில் குடியிருந்தோம். தெருவின் இரண்டு முனையிலும் பவுண்டரி. காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணியைச் சாயங்காலம் எடுத்து உதறினால் கரிப்பொடி பறக்கும். அந்தப் பவுண்டரிகளில் ஒன்றில் அப்பா பேட்டர்ன் ஆசாரி. பம்ப், வால்வு, மோட்டார் மூடி என்று எதை வார்ப்பதென்றாலும் முதலில் அதை மரத்தில் செய்து தர வேண்டும். அந்த மர உருவத்தை மணலில் பதித்து எடுத்தால் பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். கொதிக்கிற இரும்பு ஆறும்போது சுருங்கும். ஆகவே மர உருவம் கேட்ட அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். எத்தனை பெரிதென்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டால் வேலை நடக்காது என்பதால், அதற்கென்றே ஒரு ஸ்கேல் வைத்திருப்பார்கள். கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல் என்று பெயர். பார்க்கச் சாதாரண இரும்பு ஸ்கேல் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ஓர் அடி என்று போட்டிருப்பது ஓர் அடிக்கு மேல். எஃகு வார்ப்புக்கான ஸ்கேல் என்றால் அடிக்கு இரண்டு நூல் கூட இருக்கும். ஆசாரிகள் கணக்கில் எட்டு நூல் ஓர் இஞ்ச். இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச். நாணயமாகப் பொய் சொல்வதற்கென்றே செய்த ஸ்கேல் அது.

இனி வயலின்.

எங்கள் சர்ச்சில் ஐப்பசி மழையோடு அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் கைக்கு விளைந்ததை முதலில் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்க வேண்டும். ஆராதனை முடிந்து அதை ஏலம் விடுவார்கள். சூலூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வாழைத்தார், பூசணி, கால் கட்டிய சேவல் என்று கொண்டுவருவார்கள். பவுண்டரி ஆட்கள் பாவம், கவரில் காசு போட்டுவிட்டு ஓரமாக நிற்பார்கள். அப்பாவுக்கு அது உறுத்தியது. முந்தின வருஷம் அவர் தன் கையால் செய்த ஒன்றை, பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லரின் மர பேட்டர்னை, கொண்டுபோய்ப் பூசணிக்காய்களுக்கு நடுவில் வைத்தார். கண்ணாடி மாதிரி இழைத்திருந்தார். ஏலத்தில் அது என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு டீச்சரம்மா, பழம் அடுக்கி வைக்க ஆகும் என்று வாங்கிப் போனார். அப்பா எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் சர்ச் வயலினைக் கரையான் தின்றது. அக்கா மூன்று வருஷமாக அதில்தான் படித்துக்கொண்டிருந்தாள். பாடகர் குழு மாஸ்டரிடம் சொந்தமாக ஒரு நல்ல வயலின் உண்டு. ஆனால் அதை அவர் மனைவிகூடத் தொட்டதில்லை. கரையான் செய்தி வந்த அன்றைக்கே அப்பா முடிவு செய்துவிட்டார். அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு அவர் ஒரு வயலின் செய்து வைப்பார். வயலினைப் பார்த்தால் அது என்னவென்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா.

அளவெடுக்க மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். அவர் ஒரு மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். வயலினை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் கிடத்தி, "ஒரு மணி நேரங்க. கை கழுவிப்போட்டுத் தொடுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்பா கை கழுவினார், என்னையும் கழுவச் சொன்னார், நான் தொடப்போவதே இல்லை என்றாலும். எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன ஒரு அடி இரும்பு ஸ்கேலை வைத்து அப்பா ஒவ்வொன்றாக அளந்து சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். வயிறு பதினான்கு இஞ்ச். மொத்தம் இருபத்து மூன்றரை. மாஸ்டர் வீட்டில் தந்த பிஸ்கட்டில் பூச்சிமருந்து வாசம் அடித்தது. இந்த இரண்டு எண்களும் அந்த வாசமும் இன்றைக்கும் எனக்கு ஒன்றாகத்தான் ஞாபகம் வரும்.

வீட்டில் அந்த ஸ்கேலுக்கு ஒரு ஆணி உண்டு. அளவெடுத்து வந்ததும் அப்பா அதை அங்கே மாட்டினார். மூன்றாம் நாள் சனிக்கிழமை, என் ரப்பர் பந்து வாசல் சாக்கடையின் மேல் மூடியிருந்த கல்லின் இடுக்கில் போய்ச் சிக்கியது. கை நுழையவில்லை. குச்சி ஒடிந்தது. ஆணியில் தொங்கிய ஸ்கேலை எடுத்துவந்து நெம்பினேன். பந்து வந்தது. ஸ்கேல் போனது.

சாக்கடை ஒரு சத்தமும் இல்லாமல் அதை விழுங்கியது. நான் குப்புறப் படுத்து இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அங்கே கறுப்பாக ஏதோ மெதுவாக நகர்ந்தது. அப்பா அடிக்கிற ஆளில்லை. அவர் எதையும் சொல்லாமல், ஏன் கண்ணு இப்படி என்பது மாதிரி ஒரு தரம் பார்ப்பார். அதற்கு அடியே மேல். அந்தப் பார்வையை நினைத்ததுமே ஒரு தரம் பின்பக்கம் போய் வந்தேன். வந்து பார்த்தால், கதவோரம் அப்பாவின் பட்டறைப் பை. அந்த வாரம் ஒரு எஃகு வால்வு வேலைக்காகக் கான்ட்ராக்‌ஷன் ஸ்கேலை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதே அகலம், அதே பளபளப்பு, நுனியில் அதே ஓட்டை. அது என்ன ஸ்கேல் என்று பொறித்த எழுத்து தேய்ந்து மறைந்திருந்தது. எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனேன். ஸ்கேல் என்றால் ஸ்கேல்தானே என்று நினைத்த காலம்.

பையில் ஸ்கேலைக் காணாமல் அப்பா, பட்டறையில் யாரோ எடுத்துக்கொண்டதாக நினைத்து இரண்டு நாள் முணுமுணுத்தார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். பிறகு கம்பெனி ஸ்கேலில் வால்வு வேலையை முடித்தார். வீட்டில் வயலினைத் தொடங்கினார். அவர் கை எத்தனையோ வருஷமாக அந்த ஆணிக்குப் போய்ப் பழகியது. கண்ணைக் கேட்காமலே எடுக்கும்.

அந்தப் பத்து மாதம் வீடு வீடாக இல்லை. மில்லுக்கு வெளிநாட்டு மிஷின் வந்திறங்கிய பெட்டியின் பைன் பலகையை அப்பா சொல்லிவைத்து வாங்கினார். அதில் ஒரு குடைப் படமும் மேல்நோக்கி ஒரு அம்பும் அச்சடித்திருந்தது. அந்தத் துண்டை நான் கேட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். எந்த வீடு மாறும்போது போயிற்றோ. முதுகுப் பலகைக்குச் சந்தன வேம்பு. பக்கவாட்டு விலாவை வளைக்க ஒரு தண்ணிக் குழாயைச் சூடாக்கி, ஈரப்படுத்திய மரப்பட்டையை அதன் மேல் அழுத்துவார். வெந்த பலாக்கொட்டை மாதிரி ஒரு வாசம் வரும். வஜ்ஜிரப் பசையை அம்மாவின் அடுப்பில் காய்ச்சியபோதுதான் சண்டை. மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற பசை அது. "ஏனுங்க, இந்த நாத்தத்துல செஞ்சத ஆண்டவரு எப்படி மோந்து பாப்பாரு" என்று அம்மா கேட்டாள். அப்பா பசையைக் கிண்டினார். சோற்றில், சட்டையில், என் கணக்கு நோட்டில், எல்லாவற்றிலும் மரத்தூள். அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஓடிப்போய் அன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பாள். தொட மாட்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாள்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு அரக்கு மெருகும் காய்ந்துவிட்டது. கரையான் தின்ற வயலினின் பெட்டி மட்டும் தப்பியிருந்தது. அப்பா புது வயலினை அதில் கிடத்தினார். கிடக்கவில்லை. தலைப்பக்கம் அரை இஞ்ச் தூக்கிக்கொண்டு நின்றது.

அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். "பெட்டி ஈரத்துல சுருங்கிப்போச்சு" என்றார். அம்மா, மழைக்கு மரம் ஊதிவிட்டது என்றாள். நான் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ஆறு இஞ்ச் ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஆணிப் பக்கம் போனேன். இரண்டையும் சேர்த்து வைத்தேன். என்னுடையதில் ஆறு முடிந்த இடத்தில் அதில் ஆறு முடியவில்லை. ஒரு நூல் தள்ளி முடிந்தது.

என் காதுக்குள் பவுண்டரியின் ஊதுலை ஓடத் தொடங்கியது. அது நிற்க இரண்டு மாதம் ஆனது.

பண்டிகை அன்றைக்கு அம்மாவின் பழைய சேலைக் கரையால் பெட்டியைச் சுற்றிக் கட்டிக் கொண்டுபோனோம். வாழைத்தாருக்கும் சேவலுக்கும் நடுவில் வயலினை வைத்ததும் சர்ச்சே எட்டிப் பார்த்தது. ஏலமில்லை, இது ஆலயத்துக்கு என்று போதகர் அறிவித்தார். தோட்டக்காரர்கள் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். டீச்சரம்மாவும் வந்தார். மாஸ்டர் வயலினை எடுத்து, தாழ்வாக நாலு சுரம் இழுத்துப் பார்த்து, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, புதுசு, கைக்குப் பழக வேண்டும் என்று சொல்லி அக்காவிடம் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சாயங்காலம் நடக்கும் கீத ஆராதனையில் அவள் தனியாக ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். சர்ச்சில் ஒரு பெண் பிள்ளை தனியாக வாசிப்பது அதுதான் முதல் தடவை. அக்கா அன்றைக்கு வீடு வரும்வரை யாரோடும் பேசவில்லை. பேசினால் சிந்திவிடும் என்பது மாதிரி வந்தாள்.

ஒத்திகை தொடங்கியது. கீழே வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. பாட்டின் நடுவில் மேலே ஏறுகிற ஓர் இடம் வரும். அங்கே அவள் விரல் போய் உட்காரும் இடத்தில் சுரம் இல்லை. ஒரு முடி கீழே இருக்கும். தந்தி நீளம் கூடிவிட்டால், பழகிய இடத்தில் விரல் வைத்தால் அப்படித்தான் ஆகும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மாஸ்டர் வில்லால் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம்தான். "அம்மணி, மூணு வருசமா நான் சொல்லிக் கொடுத்தது எங்க போச்சு?" இதை அவர் மரியாதையாகத்தான் கேட்பார். மரியாதையாகக் கேட்டால் இன்னும் அதிகம் எரியும். விரலுக்கு வலு போதவில்லை என்று ரப்பர் பேண்டை மாட்டி இழுக்கச் சொன்னார். நகம் ஒட்ட வெட்டச் சொன்னார். டிசம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் சுருதி சேராவிட்டால் அந்தப் பாட்டைத் தானே வாசித்துவிடுவதாகச் சொன்னார்.

அக்கா விடியற்காலையில் பம்ப் ரூமில் போய் உட்கார்ந்து வாசித்தாள். நான் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்தேன். இருவருக்கும் நகம் இல்லாத வருஷம் அது.

பயந்தவன் சும்மா இருக்க மாட்டான். அதுதான் அவனிடம் இருக்கிற கெட்ட குணம். தந்தி நீளம் என்றால் குறைத்துவிட்டால் போகிறது என்று எனக்குத் தோன்றியது. தந்திகளைத் தாங்குகிற குதிரையை அரை விரல் முன்னால் தள்ளினால் போதாதா? ஒரு நாள் சாயங்காலம் அக்கா கடைக்குப் போன நேரத்தில் தந்திகளை முறுக்கி வைக்கும் பிருடைகளைத் திருகித் தளர்த்தினேன். குதிரை மடிந்து விழுந்தது. கூடவே வயிற்றுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். தூக்கி ஆட்டினேன். உள்ளே ஏதோ உருண்டது.

வயலினுக்குள் விரல் நீளத்தில் ஒரு குச்சி நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பசை கிடையாது, ஆணி கிடையாது. தந்திகள் அழுத்துகிற அழுத்தத்தில் மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்பது. அது இல்லாவிட்டால் வயலின் வெறும் டப்பா. நான் வயலினைக் கொன்றுவிட்டதாகவே நினைத்து, பெட்டியில் வைத்து மூடி, சேலைக் கரையைச் சுற்றிக் கட்டி, அதன் முன் மண்டியிட்டு ஜெபம் செய்தேன். எதிர்காலத்தில் போதகராகிவிடுவதாகக்கூட ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது என்னைப் பார்த்தாலே தெரியும்.

மறுநாள் அக்கா பெட்டியைத் திறந்தபோது முகம் வெளுத்துவிட்டாள். அப்பா வந்து பார்த்து, குளிருக்குப் பிருடை தானாக இளகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். வளைத்த கம்பியை ஓட்டை வழியே விட்டு, ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குச்சியை மறுபடி நிறுத்தினார். அப்போது வாயைத் திறந்தேன். "அப்பா, அந்த ஸ்கேலு" என்றேன். "என்ன கண்ணு, ஸ்கேல் வேணுமா, ஆணியில இருக்குது பாரு" என்றார் நிமிராமலே. நான் போய் ஆணியைப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கத்தான் இருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. அக்கா வாசித்தாள். அவள் வாசித்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பயத்தில் எனக்கு எல்லாமே தப்பாகத்தான் கேட்டது. மாஸ்டர் அன்றைக்குக் கேட்கவே இல்லை என்று இப்போது நினைக்கிறேன். வாரக்கணக்கில் தப்பு கேட்டுக் கேட்டு, அவர் காதும் முடிவு கட்டிவிட்டது. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, "நீ பொண்ணுங்க வரிசையில நின்னு பாடு அம்மணி. நான் வாசிச்சுக்கறேன்" என்றார். அக்கா வில்லின் மயிரைத் தளர்த்தி, துணியால் வயலினைத் துடைத்து, அவரிடம் கொடுத்தாள். அழவில்லை. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்த என்னை எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். கணபதி வரும்வரை வெளியே பார்த்தபடியே வந்தாள்.

கீத ஆராதனை அன்றைக்கு, கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் நான் மேய்ப்பன். அப்பாவின் லுங்கியைத் தோளில் போர்த்தி, தலையில் துண்டு கட்டி, முன்வரிசையில் மற்ற ஆட்டிடையர்களோடு உட்கார்ந்திருந்தேன். அறுப்பின் பண்டிகையில் படைக்கப்பட்ட வயலினை இன்றைக்கு எல்லோரும் கேட்கப்போகிறோம் என்று போதகர் சொன்னார். அதுவரை ஒத்திகையெல்லாம் தன் சொந்த வயலினிலேயே முடித்திருந்த மாஸ்டர் எழுந்து, அப்பா இருந்த பக்கம் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தாடையில் வைத்தார்.

கீழே ஓடும்வரை அழகாக ஓடியது. மேலே ஏறினார். அவருடைய முப்பது வருஷத்து விரல், போக வேண்டிய இடத்துக்கு நம்பிக்கையோடு போய் உட்கார்ந்தது. சுரம் அங்கே இல்லை.

அவர் விரலை நகர்த்தினார், தாண்டிவிட்டது. மறுபடி நகர்த்தினார். சர்ச்சில் ஒரு குழந்தை சிரித்தது. அப்பா தலை குனிந்திருந்தார். அவர் பின்னங்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தக் கழுத்தைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். மேய்ப்பன் முறை வருமுன் எழுந்துவிட்டான் என்று நினைத்த ஞாயிறு பள்ளி டீச்சர் என் லுங்கியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். தலைத்துண்டு கண்ணை மூடியது. என் பாவ அறிக்கை அதோடு முடிந்தது.

துண்டை விலக்கிப் பார்த்தபோது மாஸ்டர் வாசிப்பதை நிறுத்தியிருந்தார். ஆர்மோனியம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் வயலினை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், பெண்கள் வரிசையின் பக்கம் அதை நீட்டினார். அக்கா வந்து வாங்கினாள். இரண்டாவது சரணத்தில் சேர்ந்துகொண்டாள். அந்த ஏற்றம் வந்தது. அவள் விரல் எல்லோரும் வைக்கிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் கூடப் போய் உட்கார்ந்தது. சுரம் அங்கே இருந்தது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் சர்ச்சில் இருமிக்கொண்டிருந்தவர்களெல்லாம் இருமலை நிறுத்தியது தெரிந்தது.

ஆராதனை முடிந்து மாஸ்டர் அப்பாவிடம் வந்து, பனிக்கு மரம் இழுத்துக்கொண்டது என்று விளக்கினார். அப்பா, இருக்குமுங்க என்றார். மாஸ்டர் அக்காவிடம் திரும்பி, "இனி நீயே வாசி அம்மணி. அது என்ற பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் கேட்ட மன்னிப்பு அது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், ஆணியில் புத்தம் புது ஸ்கேல் தொங்கியது. பழைய ஸ்கேல் அப்பாவின் பட்டறைப் பைக்குத் திரும்பியிருந்தது. வயலின் பெட்டியும் நடுவில் அறுத்து ஒட்டி, அரை இஞ்ச் நீட்டி, புது வெல்வெட் போட்டு, அழகாக மூடுகிற மாதிரி ஆகியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா என்னைக் கூப்பிடுவார் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும். அவர் கூப்பிடவே இல்லை. காத்திருந்து காத்திருந்து அது எனக்கு ஒரு வியாதியாகவே தங்கிவிட்டது. மிளகாய்ப்பொடி டப்பா கதை அங்கே தொடங்கியதுதான்.

அந்த வயலினை அக்காவைத் தவிர யாராலும் சுருதியாக வாசிக்க முடியவில்லை. அவள் கல்யாணமாகிச் சூலூர் போகும்போது, வைத்திருந்தும் பயனில்லை என்று சர்ச் கமிட்டி அதை அவளுக்கே கொடுத்துவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது.

போன மாதம் சூலூர் போயிருந்தேன். அக்காவின் பேத்தி எட்டாவது படிக்கிறாள். அந்த வயலினில்தான் படிக்கிறாள். செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, அதில் தெரிகிற மேடத்துக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மேலே ஏறுகிற இடம் வந்தது. மேடம் நிறுத்தினார். விரல் கீழேயே நிற்கிறது, போன வாரமும் சொன்னேன், கவனமே இல்லையா என்றார். சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். பிள்ளை தலை குனிந்தாள். அந்தப் பின்னங்கழுத்து அப்படியே அப்பாவுடையது.

காப்பி என் மடியில் கொட்டியது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. இந்தத் தடவை லுங்கியைப் பிடித்து இழுக்க ஆளில்லை. போனுக்குள் முகத்தை நுழைத்து, "ஏனுங்க மேடம், புள்ள விரல் மேல தப்பில்லீங்க. ஸ்கேல சாக்கடையில தொலைச்சுபோட்டது நானுங்க" என்றேன். மேடம் திகைத்துப்போய்ப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. பந்து, சாக்கடை, ஆணி, கான்ட்ராக்‌ஷன் ஸ்கேல், குச்சி விழுந்தது வரை, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் காப்பி சொட்டச் சொட்ட ஒப்பித்தேன்.

திரும்பினால் அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"நீயாடா அது" என்றாள்.

நான் தலையாட்டினேன். பத்து வயதில் ஆட்டியிருக்க வேண்டிய தலை.

தந்தி நீளம் என்பது முதல் வாரமே தன் விரலுக்குத் தெரிந்துவிட்டது என்றாள். பிறகு ஏன் மாஸ்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா அளவுல தப்புப் பண்ணிப்போட்டாருன்னு நெனச்சன்டா. நான் சொன்னா அப்பறம் எல்லாரும் மறுக்காவும் பழக்கூடைன்னு சிரிப்பாங்க. என்னையத் திட்டுனா திட்டிட்டுப் போறாருன்னு உட்டுட்டேன்."

கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் வயலின் பெட்டியைத் தூக்கி வந்தாள். அடியில் வெல்வெட் கிழிந்து தொங்கியது. தைக்கக் கொடுக்க வேண்டும் என்று போன வாரம்தான் பிரித்தாளாம். அப்பா பெட்டியை நீட்டி ஒட்டிய இடத்தில் ஒரு பட்டை வைத்து முடுக்கியிருக்கிறார், பார் என்றாள். அதென்ன நம்பர் போட்ட தகடு என்று அவளுக்கும் விளங்கவில்லையாம்.

குனிந்து பார்த்தேன். ஒட்டின் குறுக்கே, நாலு ஸ்குரூ போட்டு இறுக்கி, ஒரு அடி இரும்பு ஸ்கேல் கிடந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் இன்னும் சாக்கடையின் கறுப்பு. பொங்கல் கழிந்து தெருவில் சாக்கடை அள்ளியது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா அதைக் கழுவியிருக்கிறார். வாசல் சாக்கடைக்குள் ரப்பர் பந்து விடுகிறவன் அந்த வீட்டில் ஒருத்தன்தான். ஆணியில் இருந்ததை எடுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் தெரிந்து, நாலு ஓட்டை போட்டு, முடுக்கி, மேலே வெல்வெட்டை ஒட்டி மூடிவிட்டார். என்னிடம் சொல்லியிருந்தால் எனக்கு வியாதி இல்லை. அக்காவிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு அப்பா மேல் அந்தச் சந்தேகம் இல்லை. பிள்ளையைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்திருப்பார். அவரும் கொஞ்சம் தப்பாகத்தான் அளந்திருக்கிறார்.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. டேப்பை எடுத்து அந்த ஸ்கேலின் மேல் நீட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நுனிக்கு நுனி, சரியாகப் பன்னிரண்டு இஞ்ச்.

பேத்தி ஜன்னல் பக்கமிருந்து கூப்பிட்டாள். மேடம் இன்னும் லைனில் இருக்கிறார்களாம். "தாத்தா, விரல எவ்வளவு தள்ளி வெக்கோணும்னு கேக்கறாங்க."

என் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு அளவை நான் சரிபார்க்காமல் சொன்னேன்.

"அடிக்கு ரெண்டு நூலுன்னு சொல்லு கண்ணு."